ஒளிர்கின்ற மனம் விழித்த மனமா?

கேள்வி இது. பத்து நாள் மௌன முகாமில் அமர்ந்த ஒருவர், ஏழாம் நாள் விடியற்காலையில் மூச்சைக் கவனித்துக்கொண்டிருந்தபோது எண்ணங்கள் அடங்கி, மூடிய கண்களுக்குள் வெண்மையான ஒளி பரவி, நெடுநேரம் அசையாமல் நின்றதாக எழுதுகிறார். எட்டாம் நாள் அது வரவில்லை என்றும் மனம் வாடிவிட்டது என்றும் போகிறபோக்கில் ஒரு வரி சேர்த்திருக்கிறார். அவருடைய ஐயங்கள் மூன்று. புத்தர் சொன்ன போதி, அதாவது விழிப்பு, இதுதானா? மனத்தின் இயல்பே ஒளியும் தூய்மையும் என்று பௌத்த நூல்கள் சொல்வது உண்மையானால், முன்பே இருக்கும் ஒன்றை அடைவதற்குத் தியானம் எதற்கு? ஆன்மா என்று ஒன்று இல்லை என்று சொல்வதும் அதே பௌத்தம்தானே, அப்படியானால் அந்த ஒளி யாருடையது?

முதல் கேள்விக்கு என் விடை, இல்லை என்பதே. அந்த அனுபவம் பொய் என்றோ கற்பனை என்றோ நான் சொல்லவில்லை. ஒழுங்காகப் பயில்கிறவர்களில் பலருக்கு வரக்கூடியதுதான், வந்ததற்காக மகிழலாம். ஆனால் அதற்கு விழிப்பு என்று பெயர் வைத்துவிட்டால், அந்தப் பெயரே மேற்கொண்டு போகவிடாத தாழ்ப்பாளாகிவிடும். மூன்று கேள்விகளும் ஒரே முடிச்சின் மூன்று நுனிகளாக எனக்குத் தோன்றுவதால், அவிழ்ப்பதற்கு எளிதான இரண்டாவது நுனியிலிருந்து தொடங்குகிறேன்.

ஒளியுடைய மனம் என்ற பேச்சுக்கு மூலமாக எல்லோரும் காட்டுவது, பாலி மொழியில் புத்தரின் உரைகளை, அதாவது சூத்திரங்களை, திரட்டிய நிகாயங்கள் என்னும் தொகை நூல்களில் ஒன்றாகிய அங்குத்தர நிகாயத்தின் ஒன்றன் தொகுதியில் வரும் சில வரிகள். "பிக்குகளே, இந்தச் சித்தம் ஒளியுடையது, அது வந்து சேர்ந்த மாசுகளால் மாசுற்றிருக்கிறது" என்பது முதற்கூற்று. "பிக்குகளே, இந்தச் சித்தம் ஒளியுடையது, அது வந்து சேர்ந்த மாசுகளிலிருந்து விடுபட்டிருக்கிறது" என்பது அடுத்தது. பலரும் மேற்கோளை இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். மூலம் இங்கே நிற்கவில்லை. இதை உள்ளபடி அறியாதவருக்குச் சித்தத்தைப் பண்படுத்துதல் என்பது இல்லை என்றும், உள்ளபடி அறிகின்ற சீடருக்கே அது உண்டு என்றும் அந்தப் பகுதி தொடர்கிறது. அதாவது, சித்தம் ஒளியுடையது என்பதைப் பயிற்சி தேவையில்லை என்பதற்குக் காரணமாக அல்ல, பயிற்சி செய்ய முடியும் என்பதற்குக் காரணமாகவே மூலம் முன்வைக்கிறது. நம் நண்பர் கேட்ட கேள்விக்கு நேர் எதிர்த்திசையில் அதன் நடை அமைந்திருக்கிறது.

அந்த வரிகளில் என் கவனத்தை அதிகம் ஈர்ப்பது ஒளி என்ற சொல்லைவிட மாசுக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் அடைமொழிதான். "ஆகந்துக" என்பது அந்தச் சொல்; பாலியிலும் வடமொழியிலும் வெளியூரிலிருந்து வந்தவரை, விருந்தாளியை, வழிப்போக்கரைக் குறிப்பது. பேராசை, சினம், மயக்கம் ஆகியவை வீட்டுக்காரர்கள் அல்லர், வந்தவர்கள். வந்தவர்கள் ஆதலால் போகக்கூடியவர்கள். இந்த ஒரு சொல்லுக்குள் பௌத்தப் பயிற்சியின் நம்பிக்கை முழுவதும் அடங்கியிருக்கிறது என்றே சொல்வேன். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். "இயல்பிலேயே" என்ற சொல் அந்தப் பாலி வரிகளில் இல்லை. சித்தம் இயல்பிலேயே ஒளிமயமானது என்ற முழு வாய்பாடு பின்னாளில் வேறு பிரிவுகளிலும் மகாயான நூல்களிலும் வளர்ந்து நிலைபெற்றது.

பாலி நூல்களைப் பின்பற்றும் பிரிவாகிய தேரவாதத்தின் உரை மரபு இந்த ஒளியுடைய சித்தத்தைப் பவங்கம் என்று விளக்குகிறது. கண்ணும் காதும் மனமும் எதையும் பற்றாத இடைவேளைகளிலும், கனவற்ற உறக்கத்திலும் ஓடிக்கொண்டிருக்கும் அடியோட்டத்துக்குப் பவங்கம் என்று பெயர். மாமரத்தடியில் தலையை மூடிக்கொண்டு உறங்குகிற ஒருவனின் காதருகே பழுத்த மாங்கனி ஒன்று விழுகிறது. அவன் ஓசையால் விழித்து, கண் திறந்து, பழத்தைப் பார்த்து, கையில் எடுத்து, நசுக்கி, முகர்ந்து, தின்கிறான். ஒரு பொருளை அறியும்போது மனம் கடக்கும் படிகளை இந்த உவமையால் காட்டுகிற உரையாசிரியர்கள், கனி விழுவதற்கு முன்பிருந்த உறக்கத்தைப் பவங்கத்துக்கு ஒப்பிடுகிறார்கள். அங்குத்தர நிகாயத்துக்கு ஐந்தாம் நூற்றாண்டில் உரை வகுத்த புத்தகோசர், தம்மோடு முன்னர்க் காஞ்சிபுரத்தில் வாழ்ந்த சோதிபாலர் என்னும் தேரர், அதாவது மூத்த பிக்கு, கேட்டுக்கொண்டதால் அதை எழுதியதாக நூலின் இறுதியில் குறித்திருக்கிறார். ஒளியுடைய சித்தம் என்றால் என்ன என்று இலங்கையின் மகாவிகாரையில் எழுதப்பட்ட விளக்கத்துக்குப் பின்னால் காஞ்சியில் ஒன்றாக வாழ்ந்த இரண்டு பிக்குகளின் நட்பு இருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உள்ளம் நெகிழ்கிறது.

ஆயினும் அந்த விளக்கம் எனக்கு முழுமையாக நிறைவு தரவில்லை. உறக்கத்திலும் ஓடுகின்ற அடியோட்டத்தை அறிவது எப்படிப் பயிற்சிக்கு அடிப்படையாகும்? இதற்கு அதே நிகாயத்தின் இன்னொரு பகுதி நல்ல வெளிச்சம் தருகிறது. பொன்னில் இரும்பு, செம்பு, வெள்ளீயம், காரீயம், வெள்ளி ஆகிய ஐந்தும் கலந்திருந்தால் அது மென்மையாக இராது, வேலைக்கு வளையாது, ஒளிராது, தட்டும்போது உடையும். அவ்வாறே காம இச்சை, பகைமை, மந்தமும் தூக்கமும், பதற்றமும் கழிவிரக்கமும், ஐயம் ஆகிய ஐந்தும் கலந்த சித்தம் மென்மையாகவும் வேலைக்கு இசைவாகவும் ஒளியுடையதாகவும் இராது என்பது அந்த உவமை. சித்தத்துக்குச் சொன்ன அதே "பபஸ்ஸர" என்னும் சொல் இங்கே பொன்னுக்கு வருகிறது. அதுவும் மென்மை, இசைவு ஆகியவற்றோடு ஒரே வரிசையில் நிற்கிறது. ஆகவே ஒளி என்பது எங்கோ மறைந்திருக்கும் விளக்கைக் குறிப்பதைவிட, பதமாக இருக்கும் நிலையைக் குறிக்கிறது என்று கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது. புடம்போட்ட பொன்னின் பளபளப்பை யாரும் பொன்னிலிருந்து பிரித்தெடுத்துப் பெட்டியில் வைத்துக்கொள்வதில்லை. இனி இதைக் கொண்டு நகை செய்யலாம் என்பதற்கு அது அடையாளம்.

சிறுவயதில் எங்கள் தெருவில் இருந்த பத்தர் பட்டறையில் மணிக்கணக்காக உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். குமுட்டியில் கரி கனன்றுகொண்டிருக்கும். நடுவில் மூசைக்குள் பொன் கிடக்கும். ஊதுகுழலை வாயில் வைத்துக் கன்னம் உப்ப ஊதுவார். பிறகு கரியின் ஓரங்களில் விரல்களால் நீர் தெளிப்பார். பிறகு, சிறுவனாகிய எனக்குப் புரியாத ஒன்றைச் செய்வார்: எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, குறட்டைக் கையில் பிடித்தபடி வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பார். பேசினால் பதில் வராது. பல ஆண்டுகள் கழித்து அங்குத்தர நிகாயத்தின் மூன்றன் தொகுதியில் இதே காட்சியைப் படித்தபோது அந்தப் பட்டறையின் கரிப்புகை மணமே திரும்பி வந்தது. பொற்கொல்லர் சில வேளை ஊதுகிறார், சில வேளை நீர் தெளிக்கிறார், சில வேளை தலையிடாமல் பார்க்கிறார். ஊதிக்கொண்டேயிருந்தால் பொன் எரிந்துவிடும், நீரே தெளித்துக்கொண்டிருந்தால் குளிர்ந்துவிடும், பார்த்துக்கொண்டே இருந்துவிட்டால் முழுமையாகப் பதமாகாது. அவ்வாறே தியானிப்பவர் முயற்சி, ஒருமை, சமநோக்கு ஆகிய மூன்றையும் அந்தந்த வேளையில் கவனிக்க வேண்டும் என்கிறது அந்தச் சூத்திரம். முயற்சி வேண்டுமா, சும்மா இருந்தால் போதுமா என்று பின்னாளில் நூற்றாண்டுக் கணக்கில் நடந்த வழக்குக்கான விடை இந்த உவமையிலேயே இருப்பதாக நான் கருதுகிறேன்.

இனி அந்த ஒளி அனுபவத்துக்கு வருவோம். சித்தார்த்தர் அரண்மனையை விட்டுச் சென்ற பின் ஆளார காலாமர் என்ற ஆசிரியரிடம் ஏதுமின்மை என்னும் நிலை வரையிலும், உத்தக ராமபுத்தரின் வழியில் குறிப்பும் (பொருள்களை இன்னதென்று அடையாளம் காண்பதும்) இல்லை குறிப்பின்மையும் இல்லை என்னும் நிலை வரையிலும் பயின்றார். சமாதியின் ஏணியில் அவற்றுக்கு மேல் படியே இல்லை என்று சொல்லத்தக்க உயரங்கள் அவை. ஆசிரியர் பதவியையே கொடுத்து உடனிருக்கச் சொன்னபோதும் அவர் அங்கே தங்கவில்லை. இது விழிப்புக்கு இட்டுச் செல்லாது, அந்த நிலையில் பிறப்பதற்கே இட்டுச் செல்லும் என்று கண்டு விலகினார். பின்னர் கடுந்தவத்தால் உடல் வற்றிய நிலையில், சிறுவயதில் தந்தை வயலில் இருந்தபோது தாம் நாவல் மர நிழலில் அமர்ந்து எய்திய முதல் தியான நிலையை நினைத்து, இதுவே வழியாக இருக்குமோ என்று எண்ணினார். அந்த அமைதியின் மேல் நின்றுகொண்டு, விழிப்பு எய்திய இரவில் அவர் அறிந்தது என்ன என்பதுதான் முக்கியம்: இது துக்கம், இது அதன் தோற்றம், இது அதன் ஒழிவு, இது அதற்கான வழி. இந்த அறிவினால் ஆசவங்கள் எனப்படும் உள்ளூறும் கசிவுகள் வற்றின. பார்த்ததன் அழகை அல்ல, வற்றிப்போனதைக் கொண்டே பௌத்தம் விழிப்பை அளக்கிறது.

புத்தகோசர் எழுதிய பயிற்சி நூலாகிய விசுத்திமக்கம் இதை இன்னும் கூர்மையாகச் சொல்கிறது. தோன்றுவதும் மறைவதுமாகிய நிகழ்வுகளை உற்று நோக்கும் பயிற்சி முதிரத் தொடங்கும் கட்டத்தில் பத்து மாசுகள் வரும் என்று அது பட்டியலிடுகிறது. அந்தப் பத்தில் முதலாவது ஒளி. அறிவுக்கூர்மை, களிப்பு, அமைதி, இன்பம், உறுதி, ஊக்கம், கூர்ந்த கவனம், சமநோக்கு ஆகியவை அடுத்தடுத்து வருகின்றன. பத்தாவதாக இவற்றின் மேல் எழும் மெல்லிய பற்று. நல்லவற்றையெல்லாம் மாசு என்கிறார்களே என்று முதலில் படிக்கும்போது திகைப்பாக இருக்கும். அவை தம்மளவில் குற்றமுடையவை அல்ல. பயில்பவர் அவற்றைக் கண்டு, வந்து சேர்ந்துவிட்டேன் என்று பயணத்தை நிறுத்திவிடுவதால்தான் மாசாகின்றன.

இதற்கு அந்த நூல் சொல்லும் இலங்கைக் கதை ஒன்றை நான் பயிலவரும் இளையவர்களிடம் தவறாமல் சொல்வதுண்டு. மகாநாகர் என்ற முதிய தேரர் தாம் அரகந்தர் நிலையை, அதாவது முழு விடுதலையை, எய்திவிட்டதாக அறுபது ஆண்டுகளாக நம்பியிருந்தார். அவர் பொய்யர் அல்லர். சமாதி ஆற்றலால் அழுக்குகள் அத்தனை காலம் தலைகாட்டாமல் அமுங்கிக் கிடந்ததால் அப்படி நம்பினார். அவருடைய மாணவரான தம்மதின்னர் உண்மையை உணர்ந்து, ஆசிரியரைப் பார்க்க வந்து, மரியாதையோடு ஒன்று கேட்டார்: ஐயா, உங்கள் சித்தியால் ஒரு யானையைப் படைத்துக் காட்டுங்கள். முதியவர் படைத்தார். காதுகளை விரித்து, துதிக்கையை வாயில் வைத்துப் பிளிறிக்கொண்டு, அது நம்மை நோக்கிப் பாய்ந்து வருவதுபோல் செய்யுங்கள் என்றார் மாணவர். தாமே படைத்த யானை தம்மை நோக்கிப் பாய்ந்து வந்ததைக் கண்ட தேரர் எழுந்து ஓட முற்பட்டார். தம்மதின்னர் அவருடைய சீவர ஆடையின் நுனியைப் பிடித்து நிறுத்தி, ஐயா, ஆசவங்கள் வற்றியவருக்கு அச்சம் உண்டோ என்று கேட்டார். முதியவர் அந்தக் கணமே புரிந்துகொண்டு மாணவரின் காலடியில் அமர்ந்து, எனக்குத் துணை நில் என்றார். இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது யானை அல்ல. அறுபது ஆண்டு நம்பிக்கையை ஒரு நொடியில் கீழே வைத்துவிட்டு மாணவனிடம் கற்கத் தயாரான அந்த முதியவரின் நேர்மைதான். அவர் அன்றே உண்மையான விடுதலையை எய்தினார் என்று கதை முடிகிறது.

மூன்றாம் கேள்வி, அந்த ஒளி யாருடையது என்பது. நம் நண்பருக்கு முன்பே இந்தக் கேள்வியின் வலையில் விழுந்தவர் ஒருவர் உண்டு. மீனவரின் மகனாகிய சாதி என்னும் பிக்கு, இந்த ஒரே உணர்வுதான் மாறாமல் பிறவிதோறும் ஓடித் திரிகிறது என்று நம்பினார். மச்சிம நிகாயத்தில் புத்தர் அவரை அழைத்து, நீர் சொல்லும் அந்த உணர்வு எது என்று கேட்கிறார். பேசுவது, நுகர்வது, வினைப்பயனை அனுபவிப்பது என்று சாதி விடையளிக்கிறார். பேதையே, யாருக்கு நான் அப்படிச் சொன்னேன் என்று கண்டித்துவிட்டு, தீயை உவமையாகக் காட்டுகிறார் புத்தர். விறகைப் பற்றி எரிவது விறகுத் தீ, புல்லைப் பற்றி எரிவது புல் தீ. அதுபோலக் கண்ணையும் உருவத்தையும் பற்றி எழுவது கண்ணுணர்வு, காதையும் ஓசையையும் பற்றி எழுவது செவியுணர்வு. பற்றுவதற்கு ஏதுமின்றி எங்கோ தனித்திருக்கும் தீ என்று ஒன்றில்லை. தமிழில் மணிமேகலையின் இறுதிக் காதை ஒன்றைச் சார்ந்து ஒன்று எழும் இந்தத் தொடரைப் பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன் என்று பன்னிரண்டாக வகுத்துச் சொல்கிறது. இத்தனை கடினமான கருத்துகளுக்கு இவ்வளவு எளிய சொற்கள் நம்மிடம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இருக்கின்றன. நாம்தான் அவற்றை மறந்துவிட்டு வேறு சொற்களைத் தேடுகிறோம். அந்த வரிசையில் உணர்வு மூன்றாவதாக நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். அதற்கு முன்னால் இரண்டு இருக்கின்றன. அது தொடக்கம் அல்ல.

இன்னொரு சூத்திரம் ஒரு படி மேலே போகிறது. நான் என்று எதையேனும் கொள்ளத்தான் வேண்டும் என்றால் உடலைக் கொள்வதே மேல் என்கிறது, ஏனெனில் உடலாவது சில பல ஆண்டுகள், சிலருக்கு நூறு ஆண்டு வரையிலும் நிற்கிறது. சித்தம், மனம், உணர்வு என்றெல்லாம் சொல்லப்படுவதோ காட்டில் ஒரு கிளையை விட்டு மறு கிளையைப் பிடிக்கும் குரங்கைப்போல இரவும் பகலும் வேறு வேறாகத் தோன்றி மறைகிறது. நம் நண்பர் கண்ட ஒளியும் ஏழாம் நாள் தோன்றி, எட்டாம் நாள் வராமல் போனதுதானே.

எனினும் நான் என்ற உணர்வு வாதத்தால் போய்விடுவதில்லை. கௌசாம்பியில் நோயுற்றுக் கிடந்த கேமகர் என்ற பிக்குவின் கதை இதை அழகாகக் காட்டுகிறது. உடல், நுகர்ச்சி, குறிப்பு, செய்கை, உணர்வு ஆகிய ஐந்து கந்தங்களில், அதாவது மனிதரை ஆக்கும் கூறுகளில், எதையும் நான் என்றோ என்னுடையது என்றோ பார்ப்பதில்லை, ஆயினும் நான் அரகந்தர் அல்லன் என்று அவர் சொல்லியனுப்புகிறார். மூத்த பிக்குகளுக்கு இது விளங்கவில்லை. தாசகர் என்ற பிக்குவை அங்குமிங்கும் நான்கு முறை அனுப்பி விளக்கம் கேட்கிறார்கள். நடக்கவே முடியாத கேமகர் கடைசியில், இந்த ஓட்டம் எதற்கு, கோலைக் கொடுங்கள் என்று ஊன்றிக்கொண்டு தாமே வந்துவிடுகிறார். வந்து அவர் சொன்ன உவமை துணி வெளுப்பது. அழுக்குத் துணியை உவர்மண்ணிலும் சாரத்திலும் சாணத்திலும் கசக்கித் தெளிந்த நீரில் அலசிய பிறகும், அந்த உவர்மண், சாரம், சாணம் ஆகியவற்றின் வாடை துணியில் கொஞ்சம் தங்கியிருக்கும். உடையவர் அதை வாசனைப் பெட்டியில் வைத்த பிறகே அது போகும். நான் இருக்கிறேன் என்ற செருக்கு அப்படிப்பட்ட வாடை. அழுக்கைப் போக்கிய பொருளின் வாடையே மிச்சமாகும் என்பதை எண்ணிப் பாருங்கள்: தியானம் செய்தவன், ஒளியைக் கண்டவன், பற்றை விட்டவன் என்ற எண்ணங்கள் அந்த வகை. இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கேட்டிருந்த அறுபது பிக்குகளும், சொன்ன கேமகரும் விடுதலை பெற்றார்கள் என்று சம்யுத்த நிகாயம் முடிக்கிறது.

இதுவரை சொன்னது பெரும்பாலும் பாலி மரபு. மகாயானம் வேறு மொழியில் பேசுகிறது. இரண்டும் ஒன்றே என்று மழுப்ப எனக்கு விருப்பமில்லை. எல்லா உயிர்களிடத்தும் புத்தராகும் கரு இருக்கிறது என்னும் ததாகதகர்ப்பக் கொள்கை, ஏழையின் வீட்டுத் தரைக்கடியில் அவன் அறியாமல் கிடக்கும் புதையல், தேனீக்கள் சூழ்ந்த தேன் என்றெல்லாம் உவமை காட்டும்போது, மறைந்திருக்கும் ஒரு பொருளைப் பற்றிப் பேசுவதுபோலவே ஒலிக்கிறது. இந்த ஐயம் அந்த மரபுக்குள்ளேயே எழுந்தது. இலங்கை மலையில் இராவணனின் அழைப்போடு தொடங்கும் லங்காவதார சூத்திரத்தில் மகாமதி என்னும் போதிசத்துவர், அழுக்குத் துணியில் சுற்றிய மணிபோல உடலுக்குள் இருப்பதாகச் சொல்லப்படும் இந்தக் கருவுக்கும் மற்றச் சமயத்தாரின் ஆன்மாவுக்கும் என்ன வேறுபாடு என்று நேரடியாகவே கேட்கிறார். ஆன்மா இல்லை என்று கேட்டதும் அஞ்சுகிறவர்களின் அச்சத்தைப் போக்க, சூனியத்தையே, அதாவது எதிலும் நிலையான சாரம் இல்லை என்பதையே, இந்தப் பெயரால் சொன்னேன், குயவர் ஒரே மண்ணிலிருந்து பலவகைப் பாண்டங்களை வனைவதுபோல இது என்பது புத்தரின் விடை. மகாயானத்திலேயே யோகாசாரம் என்ற பிரிவினர் இன்னொரு வழியில் போனார்கள். காஞ்சியில் பிறந்தவர் என்று சீனப் பயணி சுவான்சாங் குறிப்பிடும் தருமபாலர், ஆறாம் நூற்றாண்டில் நாலந்தாவில் விளங்கிய அந்தப் பிரிவின் பேராசிரியர். அவருடைய மரபில் விழிப்பு என்பது வெறும் தூசி துடைப்பு அன்று, எல்லா வித்துகளையும் தாங்கிக்கொண்டு ஆற்றுப்பெருக்கைப்போல ஓடும் ஆலய உணர்வே (ஆலயம் என்றால் இங்கே சேமிப்பிடம்) அடியோடு புரண்டு மாறுவது.

சீனத்தின் சான் (ஜப்பானில் ஜென்) மரபில் இந்தப் பிரச்சினை ஒரு கண்ணாடியைச் சுற்றி நின்றது. மனம் தெளிந்த கண்ணாடி, தூசி படியாமல் இடைவிடாது துடைத்து வா என்ற பொருளில் செஞ்சியூ என்ற துறவி எழுதிய பாடலுக்கு, கண்ணாடிக்கு ஏது நிலைச்சட்டம், தூசி எங்கே படியும் என்று எழுத்தறிவில்லாத உயிநெங் மறுபாடல் சொன்னார் என்பது பலரும் அறிந்த கதை. அதில் பெரும்புகழ் பெற்ற "ஆதியில் ஒரு பொருளும் இல்லை" என்ற அடி, துன்குவாங் குகையில் கிடைத்த பழைய பிரதியில் இல்லை. அங்கே "புத்த இயல்பு என்றும் தூயது" என்ற பொருளுள்ள அடியே இருக்கிறது. இந்த ஓர் அடியின் மாற்றத்தில் அந்த மரபு தன்னைத் தானே திருத்திக்கொண்டதைக் காண்கிறேன்: என்றும் தூயதாகிய ஒன்று என்று சொன்னால் அதைப் பிடித்துக்கொள்வார்கள் என்று, பிடிக்க ஏதுமில்லாத சொல்லைத் தேடியிருக்கிறார்கள்.

திபெத்தில் இது வாதமேடைக்கே வந்தது. 792 முதல் 794 வரையிலான ஆண்டுகளை ஒட்டி, திரிசோங் தெத்சென் மன்னரின் காலத்தில், சீனத் துறவியாகிய மோகெயன் ஒருபுறமும் இந்திய அறிஞர் கமலசீலர் மறுபுறமுமாகச் சம்யே மடத்தில் வாதிட்டதாகத் திபெத்திய வரலாறுகள் கூறுகின்றன. வெண்முகிலும் கருமுகிலும் ஒருசேர வானத்தை மறைப்பதுபோல நல்லெண்ணமும் தீயெண்ணமும் மனத்தை மறைக்கும், எதையும் எண்ணாதிருப்பதே வழி என்றார் மோகெயன். ஆராய்ந்து அறியும் ஞானம் இல்லாமல் எண்ணாதிருப்பது மயங்கிக் கிடப்பதற்குச் சமம், படிப்படியான பயிற்சியே வழி என்றார் கமலசீலர். கமலசீலர் வென்றார் என்பது திபெத்திய மரபு. துன்குவாங்கில் கிடைத்த சீன ஆவணமோ மோகெயனின் போதனைக்கு மன்னர் ஒப்புதல் தந்ததாகச் சொல்கிறது. வென்றவர் யாராயினும், அமர்ந்து பழகிய அனுபவத்தில் நான் கமலசீலரின் பக்கமே நிற்கிறேன். எண்ணங்கள் நின்றுபோவதால் மட்டுமே விடுதலை வருமென்றால் மயக்கமருந்து கொடுக்கப்பட்ட ஒவ்வொருவரும் விடுதலை பெற்று எழுந்திருக்க வேண்டும்.

மோகெயன் சொன்னதிலும் உண்மை உண்டு. அதைச் செம்மையாகச் சொன்னவர் ஜப்பானின் தோகென் என்பது என் துணிபு. 1200ல் பிறந்து இளமையிலேயே ஹியெய் மலையில் துறவு பூண்ட அவரை வாட்டியதாக மரபு சொல்வது நம் நண்பரின் இரண்டாம் கேள்வியேதான்: எல்லோரும் இயல்பிலேயே விழித்தவர்கள் என்றால் எல்லாப் புத்தர்களும் ஏன் பாடுபட்டுப் பயின்றார்கள்? 1223ல் சீனத்துக்குப் போய் 1227ல் திரும்பினார். 1233ல் எழுதிய சிறு கட்டுரையை ஒரு பழைய சீனக் கதையோடு முடிக்கிறார். பாவோசே என்ற ஆசிரியர் விசிறிக்கொண்டிருக்கிறார். காற்றின் இயல்பு என்றும் உள்ளது, அது எட்டாத இடமில்லை, பிறகு ஏன் விசிறுகிறீர்கள் என்கிறார் ஒரு துறவி. காற்று என்றும் உள்ளது என்பது உமக்குத் தெரிந்திருக்கிறது, எட்டாத இடமில்லை என்பதன் பொருள் தெரியவில்லை என்கிறார் ஆசிரியர். அதன் பொருள் என்ன என்று துறவி கேட்கிறார். ஆசிரியர் விசிறிக்கொண்டே இருக்கிறார், துறவி வணங்குகிறார். சித்திரை வெயிலில் மின்சாரம் போன நண்பகலில் பனையோலை விசிறியைக் கையில் எடுத்தவர்களுக்கு இதற்கு உரை தேவையில்லை. அறை முழுவதும் காற்றுத்தான் இருக்கிறது. வியர்வை காய்வதோ கை அசையும்போதுதான். தோகெனைப் பொறுத்தவரை தியானம் விழிப்பைப் பிறகு பெற்றுத் தரும் கருவி அன்று, விழிப்பு நிகழும் முறையே அது.

திபெத்தின் சொக்சென் மரபில் குரு மாணவருக்கு மனத்தின் இயல்பை நேரே சுட்டிக்காட்டுகிறார் என்பதை மட்டும் கேள்விப்பட்டு, குறுக்குவழி கிடைத்தது என்று மகிழ்கிறவர்கள் உண்டு. அந்த மரபில் வழக்கமாக முதலில் செய்யவேண்டிய பூர்வாங்கப் பயிற்சிகளில், நெடுஞ்சாண்கிடையாக விழுந்து வணங்குவது உட்பட ஒவ்வொன்றையும் ஒரு லட்சம் முறை செய்கிறார்கள் என்பதையும் அவர்கள் கேட்டறிய வேண்டும்.

நம் காலத்துக்கு வந்தால், தாய்லாந்தின் வனத்துறவியர் மரபில் 1913 முதல் 2011 வரை வாழ்ந்த ஆசான் மகாபுவா சொல்லியிருப்பது இந்தக் கேள்விகளுக்கு மிக நெருக்கமானது. பல ஆண்டுப் பயிற்சியின் பின் தம் மனம் வியக்கத்தக்க ஒளியோடு நின்றதையும், அதையே காத்துப் போற்றி வந்ததையும், பின்னரே அந்த ஒளியே அவிச்சை, அதாவது பேதைமை, அணிந்திருந்த கடைசி வேடம் என்று கண்டதையும் அவர் வெளிப்படையாகப் பேசினார். அறிபவன் என்று ஒரு மையம் எங்கேனும் இருக்குமானால் அதுவே பவத்தின், அதாவது மீண்டும் உருவாகும் இருப்பின், கரு என்பது அவருக்குக் கிடைத்த துப்பு. ஒளி யாருடையது என்று நண்பர் கேட்டாரே, அந்த யாரையும் ஒளியையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்திருந்த கை தளர்ந்ததைத்தான் மகாபுவா விடுதலை என்றார். இதை மேலே சொன்ன கேமகரின் துணியோடு வைத்துப் பார்த்தால், இடையில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் கடந்திருந்தும் இருவரும் ஒரே இடத்தில் கைவைத்திருப்பது தெரியும்.

ஆகவே நண்பருக்கு நான் சொல்வது இதுதான். மறுபடியும் அமரும்போது அந்த ஒளி வந்தால் விரட்ட வேண்டாம். மூச்சோடு ஒட்டி நிற்குமானால் அதிலேயே மனம் ஊன்றட்டும், அது பொன் பதமாவதன் அடையாளம். ஆனால் அதில் சற்று நிலைத்த பிறகு மூன்றைப் பாருங்கள்: எது அடங்கியதால் இது எழுந்தது, இதன் ஓரங்கள் எப்படி அசைகின்றன, என்னுள் எது இதை நோக்கிச் சாய்கிறது. அது வராவிட்டால் அதையும் அப்படியே பாருங்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகப் பயனுள்ளதாகத் தோன்றிய வரி ஏழாம் நாளைப் பற்றியது அன்று; எட்டாம் நாள் அது வரவில்லை, மனம் வாடிவிட்டது என்று எழுதினீர்களே, அந்த வரிதான். வேட்கை, பற்று, பவம் என்று மணிமேகலை அடுக்கிய மூன்றும் அந்த வாட்டத்துக்குள் கண்ணால் பார்க்கும் தொலைவில் இருந்தன. அன்று காலை மீண்டும் மீண்டும் ஊதிப் பார்த்திருப்பீர்கள். அடுத்த முறை அந்த வாட்டம் வரும்போது ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு, அது எங்கே தொடங்கி, எதைத் தின்று வளர்ந்து, எப்போது தானாகவே தணிகிறது என்பதைக் கடைசி வரை பார்த்துவிட்டு எழுதுங்கள்.